அரை மணிக்கொருக்கா

கோயமுத்தூர்ப் பக்கத்து மனிதர்கள் வாயில் ‘ங்க’ இல்லாமல் ஒரு வார்த்தை வராது என்று வெளியூர்க்காரர்கள் மெச்சுவார்கள். ஏனுங்க, வாங்க, ஆமாங்க, இல்லீங்க. பாதையில் படுத்திருக்கும் எருமையைக்கூடச் ‘சித்த நகருங்க’ என்பார்கள் என்று கேலியும் பேசுவார்கள். அப்பேர்ப்பட்ட ஊரில் சின்னான் என்பவர் எழுபது வருஷம் உயிரோடு இருந்தார். அவரைப் பார்த்து ஒருவரும் ஒரு தடவைகூட அந்த ‘ங்க’வைப் போட்டதில்லை. எருமைக்குக் கிடைத்தது, அவருக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கதை அவருடைய மகன் தங்கராஜைப் பற்றியது. ஆனாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், நாற்காலியை விட்டு எழ மாட்டேன் என்று இருந்து ஒரு காலைப் பறிகொடுத்த மனிதரை வெறும் சோம்பேறி என்று நினைத்துவிடுவீர்கள். அவர் சோம்பேறி இல்லை.

சின்னான் சோமனூருக்குத் தெற்கே நஞ்சப்பன் என்பவரின் தோட்டத்தில் பண்ணையாளாக இருந்தார். நிலத்துக்காரரை அந்தப் பக்கத்து ஆட்கள் ‘பண்ணாடி’ என்று கூப்பிடுவார்கள். பண்ணாடி வந்தால் எழுந்து நிற்க வேண்டும். அவர் போகும்வரை உட்காரக் கூடாது. யாரும் எழுதிவைத்த சட்டம் இல்லை, எழுதிவைத்த எந்தச் சட்டமும் அவ்வளவு ஒழுங்காக நடந்ததும் இல்லை. தெருவில் வில்வண்டிச் சத்தம் கேட்டாலே சின்னான் சோற்று வட்டலைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பல நாள் அது வேறு யாருடைய வண்டியாகவோ இருக்கும். எழுந்தது எழுந்ததுதான்.

தங்கராஜுக்கு எட்டு வயசாக இருந்தபோது ஒரு நாள், களத்தில் கிடந்த கயிற்றுக் கட்டிலில் விவரம் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். பண்ணாடி அந்தக் கோடியில்தான் நின்றிருந்தார். “எந்திரிடா!” என்று ஓடிவந்த சின்னான் மகன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். அவர் மகனை அடித்தது வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அன்று பொழுது சாய்ந்ததும் மகனைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சொன்னார்:

“நீ படிச்சு, உக்காந்து திங்கற வேலைக்குப் போயிரு கண்ணு. எவன் வந்தாலும் எந்திரிக்காத வேலைக்குப் போயிரு.”

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று பழமொழி இருக்கிறது. சொன்னவருக்குக் குன்றைப் பற்றித்தான் கவலை. குந்தியிருப்பவரின் கால் என்ன ஆகும் என்று அவரும் சொல்லவில்லை, சின்னானுக்கும் தெரியாது. நின்று நின்றே முட்டி தேய்ந்த மனிதருக்கு உட்காருவதில் ஒரு கெடுதல் இருக்கும் என்று எப்படித் தோன்றும்?

கிறிஸ்தவச் சாமியார்கள் நடத்திய பள்ளிக்கூடம், விடுதிச் சோறு, ஒரு பரீட்சை என்று ஏறி, எழுபத்தாறாம் வருஷம் தங்கராஜ் ஒரு பத்திர ஆபீசில் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். சொந்த ஊரிலிருந்து மூன்று மைல். நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் அங்கேதான் வந்தாக வேண்டும். நிலத்தின் மேல் வில்லங்கம் ஏதாவது இருக்கிறதா என்று பழைய பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்து எழுதிக் கொடுப்பது அவர் வேலை. சேர்ந்த ஒரு வாரத்தில் சின்னான் மகனைப் பார்க்க வந்தார். உள்ளே வரவில்லை, ஜன்னல் வழியாகப் பார்த்தார். மகன் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே சலவை வேட்டி கட்டிய நாலு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சின்னான் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அந்த வருஷக் கடைசியிலேயே செத்தும் போனார்.

அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் தங்கராஜ் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். சும்மா உட்காரவில்லை, விரதம் மாதிரி உட்கார்ந்தார். காலை பத்து மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு, மேஜைக்கு அடியில் குறுக்கே அடித்திருந்த கட்டையில் இரண்டு காலையும் தூக்கி வைத்தால், சாயங்காலம் ஐந்தே முக்காலுக்குத்தான் இறக்குவார். பதிவேடுகளை ஆபீஸ் உதவியாளர் காளிச்சாமி கொண்டுவந்து வைப்பார். தண்ணீர் கூஜா மேஜை மேலேயே இருக்கும். மதியச் சோறும் அங்கேயேதான். வக்கீல் வந்தாலும் மில் முதலாளி வந்தாலும், அவர் தலையை மட்டும் நிமிர்த்திப் பார்த்து, “சொல்லுங்க” என்பார். அவர் மட்டும் யாருக்கும் ‘ங்க’வைக் குறைத்ததில்லை.

போத்தனூரில் ரயில்வே லயனைத் தாண்டிச் சொந்தமாக ஒரு ஓட்டு வீடு கட்டினார். மனைவி அமலிக்குப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வேலை. நாளெல்லாம் நின்றுகொண்டு இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறவள். ஒரே பெண் டெய்சி. தொண்ணூற்றிரண்டில் ஒரு மொபெட் வாங்கியதும், ஆபீசுக்கு ரயில் பிடிக்க ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்த அரை மைலும் போயிற்று. வீட்டுக்கு வந்தால் டிவி முன்னால் இன்னொரு நாற்காலி.

தொண்ணூற்றைந்து பிறக்கும்போது அவருக்கு நாற்பத்தாறு வயசு. உள்ளங்காலில் எறும்பு ஊர்வது போல் ஒரு குறுகுறுப்பு. தாகம் அடங்கவில்லை. பேண்ட்டின் கொக்கி மாட்டவில்லை. அமலி இழுத்துக்கொண்டு போய்ப் போத்தனூரிலேயே டாக்டரம்மா ராமாமணியிடம் நிறுத்தினாள். ரத்தத்தில் சர்க்கரை இருநூற்றெண்பது.

“உங்களுக்கு என்ன உத்தியோகமுங்க?”

“பத்திர ஆபீசுங்க. உக்காந்த வேலை.” இதைச் சொல்லும்போது அந்த நிலையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது.

“எவ்வளவு நேரம் உக்காருவீங்க?”

“எந்திரிக்கறதே இல்லீங்க.”

டாக்டரம்மா எழுதுகிற பேனாவைக் கீழே வைத்தார். “மாத்திரை பாதி வேலைதானுங்க செய்யும். மீதிய உங்க காலுதான் செய்யோணும். ஓடவெல்லாம் வேண்டாம். அரை மணிக்கொருக்கா எந்திரிச்சு அஞ்சு நிமிசம் நடங்க. சாப்பிட்டா பத்து நிமிசம் நடங்க. அவ்வளவுதான். இதுக்கு ஒரு காசு செலவில்லை. செய்யலீன்னா மொதல்ல போறது கால்தான், சொல்லிப்போட்டேன்.”

தங்கராஜ் சிரித்தார். “எந்திரிக்காம இருக்கத்தானுங்க படிச்சதே.”

டாக்டரம்மாவுக்கு அது புரியவில்லை. அமலிக்குப் பாதி புரிந்தது.

அமலி பெரிய பேச்சுக்காரி இல்லை, ஆனால் காரியக்காரி. சிவப்பு நிறத்தில் ஒரு அலாரம் டைம்பீஸ் வாங்கி, கூஜாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அரை மணி தள்ளி முள்ளைத் திருப்பி வைக்க வேண்டும். ஒரு நாள் ஆபீசுக்கே போய்க் காளிச்சாமியிடம் கையெடுத்துக் கும்பிட்டாள். “இனிமே அவருக்குத் தண்ணியும் கொடுக்காதீங்க, புஸ்தகமும் எடுத்துத் தராதீங்கண்ணா. வேணுமின்னா அவரே எந்திரிச்சு வரட்டும்.” காளிச்சாமிக்கு வேலை குறைந்ததில் வருத்தம் ஒன்றும் இல்லை.

முதல் வாரம் தங்கராஜ் முள்மேல் நிற்பது போலத்தான் எழுந்தார். டைம்பீஸ் கிணுகிணுத்தால் ஆபீசே திரும்பிப் பார்க்கும். எழுந்து, பதிவேட்டு அறைவரை முப்பது தப்படி, திரும்பி முப்பது தப்படி, இப்படியே ஐந்து நிமிஷம். சாப்பிட்டபின் வேப்பமரத்தைச் சுற்றி நாலு சுற்று. இரண்டாவது வாரம் கூச்சம் போயிற்று. மாசக் கடைசியில் குறுகுறுப்பு குறைந்தது. சாயங்காலம் மொபெட்டை வீட்டில் போட்டுவிட்டு, டெய்சியோடு ஜங்ஷன்வரை நடந்துபோய்ப் பாலத்தின் மேல் நின்று, என்ஜின் மாற்றுவதைப் பார்த்துவிட்டு வந்தார். மகள் பேசுகிற பேச்செல்லாம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மூன்று மாசத்தில் சர்க்கரை நூற்றறுபதுக்கு இறங்கியது. “உங்க காலுக்கு ஒரு மாலை வாங்கிப் போடுங்க” என்றார் டாக்டரம்மா. அன்று ராத்திரிச் சோற்றில் அமலி அவருக்குப் பிடித்த அரிசியும்பருப்புச் சாதத்தை ஒரு கரண்டி கூடவே வைத்தாள். அந்தக் குடும்பம் அந்த மூன்று மாசம் நன்றாக இருந்தது. அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

வைகாசி முகூர்த்த நாள். ஆபீஸ் வராந்தா முழுக்கக் கூட்டம். பதினொன்றரைக்கு டைம்பீஸ் முள் வந்து நின்றது. கூட்டத்துச் சத்தத்தில் அதன் கிணுகிணுப்பு அவரைத் தவிர யாருக்கும் கேட்கவில்லை. தங்கராஜ் அதன் தலையைத் தட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார்.

அதே நொடியில் வாசற்படியில் நஞ்சப்பன் வந்து நின்றார். எழுபதைத் தாண்டிய வயசு, வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. ஊன்றுவதற்கு இல்லை, சும்மா அழகுக்கு. விடிகாலையில் தோட்டத்து வரப்பெல்லாம் சுற்றிவருகிற உடம்பு. கீழ்க்காட்டில் ஒரு துண்டு நிலத்தை விற்க வந்திருந்தார்.

அவர் தங்கராஜைப் பார்த்தார். தங்கராஜ் நின்றுகொண்டிருந்தார். பெரியவர் முகம் மலர்ந்தது.

“அட, நம்ம சின்னான் பையன்! உக்காரு, உக்காரு.” கூட்டத்தின் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: “இவனப்பன் எங்க பண்ணையத்துல இருந்தவன். பாருங்க, எவ்வளவு பெரிய ஆபீசரா ஆயும் நம்மளக் கண்டதும் எந்திரிச்சுப்போட்டான். பழசை மறக்கலை. மருவாதி அப்பன் சொல்லிக் குடுத்தது.”

அவர் வன்மமாகச் சொல்லவில்லை. மனசார மெச்சித்தான் சொன்னார். வன்மமாகச் சொல்லியிருந்தால்கூடப் பதில் சொல்லியிருக்கலாம். நின்றிருந்தவர்களில் இரண்டு பேர் தலையாட்டினார்கள். ஒருவர் சிரித்தார்.

‘உங்களுக்காக இல்லைங்க, டாக்டர் சொன்னதுக்காக.’ நாலைந்து வார்த்தை. டைம்பீஸ் மேஜை மேல்தான் இருந்தது, எடுத்துக் காட்டியிருக்கலாம். எட்டு வயசில் வாங்கிய அறை தங்கராஜ் கன்னத்தில் இப்போது விழுந்தது. ஜன்னல் பக்கம் தானாகவே பார்வை போயிற்று. அங்கே துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு யாரும் நிற்கவில்லை. அவர் மெல்ல உட்கார்ந்தார். பண்ணாடி சொல்லி உட்கார்ந்ததாக அதுவும் ஆகிவிட்டது.

அன்று சாயங்காலம் டைம்பீஸை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். மறுநாள் காளிச்சாமியைக் கூப்பிட்டு, “தண்ணி கொண்டாங்க” என்றார். அதற்கப்புறம் அவர் எழவில்லை. யார் உள்ளே வருவார்கள் என்று யாருக்குத் தெரியும்? எந்த நேரத்தில் எழுந்தாலும் எவராவது ஒருவர் அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்வார்.

“நடந்தீங்களா?” என்று அமலி தினமும் கேட்பாள்.

“நடந்தேன்.”

சாயங்கால நடையையும் விட்டார். ஆபீசில் நடந்து கால் அசந்துபோச்சு என்று டெய்சியிடம் காரணம் சொன்னார். பொய்யைப் பொய்யால்தான் மூட வேண்டும். டாக்டரம்மாவிடம் போவதும் நின்றது. மாத்திரை மட்டும் ஒழுங்காகப் போட்டார். பாதி வேலை என்று அவர் சொன்ன அந்தப் பாதி. ஆறு மாசத்தில் குறுகுறுப்பு திரும்பி வந்தது. இன்னும் ஆறு மாசத்தில் அது போய்விட்டது. போனதும் குணமாகிவிட்டது என்று தங்கராஜ் நினைத்தார். உண்மையில் காலில் உணர்வு செத்திருந்தது.

மறு வருஷம் ஆவணியில் ஒரு நாள் பெருக்க வந்த காளிச்சாமி மேஜைக்கு அடியில் குனிந்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

“சார், கால எடுங்க. ரத்தமுங்க.”

கட்டையில் ஒரு ஆணி எழும்பியிருந்தது. அது வலது குதிங்காலில் ஏறி, எத்தனை நாளாகவோ ஏறி இறங்கி, கட்டையெல்லாம் கறுப்பாக உறைந்து கிடந்தது. இருபது வருஷமாக இருந்த ஆணிதான். ஒரே இடத்தில் கால் அழுந்தி அழுந்திக் கட்டை தேய்ந்து, ஆணி மட்டும் மேலே வந்திருக்கிறது. தங்கராஜுக்கு ஒரு பொட்டு வலிகூடத் தெரியவில்லை. மஞ்சள் களிம்பைத் தடவிச் சாக்ஸைப் போட்டு மூடினார். அமலிக்குச் சொல்லவில்லை. சொன்னால் டாக்டரம்மாவிடம் இழுப்பாள், அங்கே ‘நடந்தீங்களா’ என்று கேட்பார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து நாற்றம் காட்டிக்கொடுத்தது. சாக்ஸைக் கழற்றிய அமலி ஒரு சத்தமும் போடாமல் வெளியே போய் ஆட்டோவைக் கூட்டிவந்தாள். கோயமுத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று நாள் பார்த்தார்கள். கறுப்பு குதிங்காலைத் தாண்டிக் கணுக்கால் ஏறியது. நாலாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். சேதி கேட்டுப் பார்க்க வந்த ராமாமணி டாக்டர் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. அமலிதான் கேட்டாள்.

“நடக்கறேன் நடக்கறேன்னு சொன்னீங்களே. ஏனுங்க நிறுத்தினீங்க?”

தங்கராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தினமும் கேட்டாள், தினமும் திரும்பிக்கொண்டார். அப்புறம் அவள் கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் காளிச்சாமியிடம் சாவியைக் கொடுத்து, ஆபீஸ் இழுப்பறையிலிருந்து அந்தச் சிவப்பு டைம்பீஸை வரவழைத்தாள். இன்னொரு கால் மிச்சம் இருக்கிறதே. அரை மணிக்கொருக்கா மணி அடிக்கும். அவள் தோளைக் கொடுப்பாள். அவர் ஒற்றைக்காலில் எழுந்து அறுபது எண்ணும்வரை நிற்பார், அக்குள் கட்டையை ஊன்றி நாலு தப்படி வைப்பார், உட்காருவார். இருபது வருஷம் சும்மா கிடைத்த காரியம், இப்போது வேர்க்க விறுவிறுக்கச் செய்ய வேண்டியிருந்தது.

தை மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதாகோயில் பூசை முடிந்து அமலியும் டெய்சியும் வந்து சிறிது நேரம் ஆகியிருந்தது. வாசலில் கார் நின்றது. நஞ்சப்பன் இறங்கினார். கையில் ஒரு பையில் சாத்துக்குடி. அந்தக் குடும்பத்து வீட்டுக்குள் அவர் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. நிலைப்படியில் ஒரு நிமிஷம் தயங்கி, தலையைக் குனிந்து உள்ளே வந்தார். நாற்காலியில் தங்கராஜ், மடித்து ஊக்குப் போட்ட வேட்டி. பெரியவர் கண் அங்கே போய் உடனே திரும்பியது.

“கேள்விப்பட்டதும் மனசே கேக்கலீங்க தங்கராசு” என்றார். “எப்படி இருக்கறீங்க?”

கூடத்தில் எல்லாருக்கும் அது கேட்டது. ‘ங்க’. பண்ணாடி வாயிலிருந்து அப்பனுக்குச் சாகும்வரையும் மகனுக்கு நாற்பத்தெட்டு வருஷமும் கிடைக்காத ஒன்று, சாத்துக்குடிப் பையோடு வந்து சேர்ந்திருந்தது. காலை விலையாகக் கொடுத்ததற்கு மரியாதை வந்ததா, பரிதாபத்துக்கு வந்ததா என்று தங்கராஜ் யோசிக்கும்போதே, டைம்பீஸ் கிணுகிணுத்தது.

அமலி பக்கத்தில் வந்தாள். பெரியவர் நிற்கிறாரே, அப்புறம் பார்க்கலாமா என்பது போல் கணவன் முகத்தைப் பார்த்தாள். தங்கராஜ் அவள் தோளைப் பற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார்.

நஞ்சப்பன் பதறிவிட்டார். “ஐயோ, என்னத்துக்குங்க! உக்காருங்க, உக்காருங்க. இந்த நெலமையிலயும் எனக்காக எந்திரிக்கோணுமா?”

“உங்களுக்காக இல்லைங்க.”

குரல் நடுங்கவில்லை. தங்கராஜுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

“டாக்டரம்மா அரை மணிக்கொருக்கா எந்திரிக்கச் சொன்னாங்க. அன்னிக்கு ஆபீசுல எந்திரிச்சதும் அதுக்குத்தானுங்க. உங்களுக்காக எந்திரிக்கலீங்க.”

பெரியவர் விழித்தார். நெற்றியைச் சுருக்கி யோசித்துப் பார்த்தார். மறைக்கிற முகம் இல்லை, நிஜமாகவே தேடினார்.

“என்னிக்குங்க?” என்றார். “எனக்கு ஒண்ணும் ஞாபகமில்லீங்களே.”

டைம்பீஸ் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. டெய்சி போய் அதன் தலையைத் தட்டி நிறுத்தினாள்.

ஆஸ்பத்திரியில் தினமும் கேட்டுக் கிடைக்காத பதில் அமலிக்கு இப்போது கிடைத்துவிட்டது. அவள் முகத்தைத் திருப்பி, வெகு அருகில் இருந்த கணவன் முகத்தைப் பார்த்தாள்.

“இதுக்காகவாங்க?” என்றாள்.

தங்கராஜ் இருபத்தொன்று, இருபத்திரண்டு என்று உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். அறுபது வரும்வரை நிற்க வேண்டும்.